இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இருநூற்று இருபது

ஃப்ரீஸர் வந்து இறங்கிய திங்கட்கிழமை, ஜுசிலெய்தி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரமாக நின்றிருந்தாள். மற்ற சாமான்களெல்லாம் மூன்று வாரத்துக்கு முன்பே, அவளும் புருஷன் அடெயில்டோவும் வடகிழக்கு மாநிலமான பராயிபாவிலிருந்து ரியோவை ஒட்டிய சான் கொன்சாலோவுக்கு வந்த அன்றே இறங்கிவிட்டன. இது மட்டும் லாரியில் இடமில்லாமல் பின்தங்கிவிட்டது. நான்கு பேர் தூக்கி வந்து சமையலறை மூலையில் வைத்தார்கள். லாரியில் சாய்ந்து வந்திருந்தால் மோட்டருக்குள் இருக்கும் எண்ணெய் இடம் மாறியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு நாள் முழுக்க அதைத் தொடாமல் நிற்க வைத்தாள்.

அந்த ஃப்ரீஸர் அவள் சம்பாதித்து வாங்கியது. பராயிபாவில் தன் ஊரான கம்பீனா கிராண்டியில் ஒன்பது வருஷம், தன் வீட்டு ஜன்னலிலேயே பாக்கெட் ஐஸ் விற்றவள் அவள். உம்பு, கஜா என்கிற புளிப்புப் பழங்கள், தேங்காய்ப்பால், வேர்க்கடலை என்று எட்டு வகை. ஊரில் அதற்கு தின்தின் என்று பெயர். இங்கே சகோலே என்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன, வெயிலுக்கு எல்லா ஊரிலும் ஒரே நாக்குதான் என்று அவள் நினைத்திருந்தாள். அடெயில்டோவுக்குக் கப்பல் கட்டும் துறையில் வெல்டிங் வேலை கிடைத்தது என்று கிளம்பி வந்தார்களே தவிர, அவளுக்கென்று இங்கே ஒன்றும் இல்லை. பக்கத்து நகரமான நிட்டெரோயில் ஒரு பணக்கார வீட்டில் துடைக்கக் கழுவ ஆள் தேடினார்கள். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்வதாக அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஜில்மாரைப் போய்ப் பார்த்தாள். தெருக்கோடியில் இருக்கும் கால்பந்துத் திடலில் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எட்டு அணிகள் மோதுகிற ஆட்டம்.

"நூத்தி அம்பது பாக்கெட் கொண்டு வா, வித்துப் பாக்கலாம்," என்றான் ஜில்மார். "நல்லா போச்சுன்னா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீதான். ஆனா தண்ணியா கொண்டு வந்து கடைய நாறடிச்சிடாத, பராயிபா."

வடகிழக்கிலிருந்து வருகிற எல்லோரையும் ரியோக்காரர்கள் 'பராயிபா' என்றுதான் கூப்பிடுவார்கள். பஹியாக்காரனும் பராயிபாதான், சியராக்காரியும் பராயிபாதான். சிலருக்குக் கோபம் வரும். ஜுசிலெய்தி சிரித்தாள்.

"நான் நெஜமாவே பராயிபாங்க. எனக்கு அது வசவு இல்ல, விலாசம்."

அன்று சாயங்காலம் அறுபது பாக்கெட் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டி, ஃப்ரீஸரில் அடுக்கி, பிளக்கைச் சொருகினாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஊர் மாறிப் போகிறவர்கள் 'அங்கே மழை எப்படி' என்று கேட்பதற்கு முன்னால் 'அங்கே நூத்திப்பத்தா, இருநூத்தி இருபதா' என்றுதான் கேட்பார்கள். பராயிபாவில் வீட்டுச் சுவரில் வருவது இருநூற்று இருபது வோல்ட். ரியோப் பக்கம் நூற்று இருபத்தேழு. அதைப் பழக்கத்தில் நூற்றுப்பத்து என்பார்கள். ஜுசிலெய்திக்கும் இது தெரியாமல் இல்லை. கிளம்புவதற்கு முன்பே அடெயில்டோவின் சித்தப்பா மகன் ஓசேயாஸிடம் போனில் கேட்டாள். ஓசேயாஸ் இங்கே பதினோரு வருஷமாக இருப்பவன்.

"பயமே வேணாம் மதினி," என்றான் அவன். "நூத்திப்பத்துச் சாமானை இருநூத்தி இருபதுல சொருகினாத்தான் டமார்னு போகும். நீங்க கொண்டு வர்றது தலைகீழ். எரியாது. கொஞ்சம் சோம்பேறியா ஓடும், அவ்வளவுதான்."

அவன் சொன்னது சரியென்றுதான் மூன்று வாரமும் காட்டியது. ஊரிலிருந்து கொண்டு வந்த இஸ்திரிப்பெட்டி சூடாக வெகு நேரம் பிடித்தது, ஆனால் எரியவில்லை. ஊரிலிருந்து கழற்றிக் கொண்டு வந்த மின்சார ஷவரில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது, அதுவும் எரியவில்லை. ஆகையால் ஃப்ரீஸரும் மெதுவாக உறைய வைக்கும், ஒரு ராத்திரிக்குப் பதில் இரண்டு ராத்திரி ஆகும் என்று அவள் கணக்குப் போட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

ஃப்ரீஸர் 'ம்ம்ம்ம்' என்று முனகியது. பிறகு 'டிக்' என்றது. சற்று நேரம் மௌனம். மறுபடி 'ம்ம்ம்ம்', 'டிக்'. புதன்கிழமை காலை திறந்து பார்த்தாள். பாக்கெட்டுகள் சிலுசிலுப்பாகக்கூட இல்லை. சோம்பேறிதானே, இன்னொரு நாள் பார்ப்போம் என்று மூடினாள். வியாழக்கிழமை காலை ஒரு பாக்கெட்டை எடுத்து முகர்ந்தாள். தேங்காய்ப்பால் புளித்திருந்தது.

அன்றைக்குத்தான் மார்லூசியா வந்தாள். மூன்றாவது தெருவில் இருக்கிற எலக்ட்ரீஷியன். இடுப்பில் கருவிப் பை, காதுக்குப் பின்னால் பென்சில், நாற்பதைத் தொடப் போகிற வயது. கிட்டத்தட்ட ஜுசிலெய்தியின் வயதுதான். வெல்டிங் கரி போகச் சூடான தண்ணீர் வேண்டும் என்று அடெயில்டோ அடம்பிடித்ததால், ஷவரைப் பார்க்க அவளை வரச் சொல்லியிருந்தார்கள். ஷவரைக் கழற்றப் போனவள் பாதியில் நின்று காதைத் தீட்டினாள்.

"சமையக்கட்டுல என்ன அது, முனகுறது?"

"ஃப்ரீஸர். கொஞ்சம் சோம்பேறி."

மார்லூசியா ஒரே எட்டில் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். பின்பக்கம் குனிந்து, கறுப்புப் பானை மாதிரி இருந்த மோட்டரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"எத்தனை நாளா இப்படி வெச்சிருக்க?"

"ரெண்டு ராத்திரி."

"அடிப்பாவி! இது சோம்பேறி இல்ல, மூச்சுத் திணறிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு தடவையும் எந்திரிக்கப் பாக்குது, முடியல. அந்த 'டிக்' இருக்கே, அது ஒரு சின்னப் பாதுகாப்பு. சூடு ஏறினா அறுத்து விடும். அது மட்டும் இல்லேன்னா நீ இன்னைக்கு இதை பழைய இரும்புக்காரனுக்குத்தான் போட்டிருக்கணும்."

ஜுசிலெய்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இஸ்திரிப்பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இஸ்திரிப்பெட்டி வெறும் கம்பி. கொடுத்த அளவுக்குச் சூடாகும், குறைச்சுக் கொடுத்தாக் குறைச்சுக்கும். மோட்டர் அப்படி இல்ல. சுத்த ஆரம்பிக்க ஒரு உதைப்பு வேணும். அது கெடைக்கலேன்னா நின்ன எடத்துலயே நின்னு, கரண்டை மடமடன்னு குடிச்சு, தன்னையே சுட்டுக்கும்."

அவள் ஃப்ரீஸரின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தாள். 220 வோல்ட், 1.1 ஆம்பியர். ஜுசிலெய்தி ஒன்பது வருஷமாகத் துடைத்த தகடு. அந்த எண்கள் அவளுக்கு மனப்பாடம், ஆனால் அவை என்ன சொல்கின்றன என்று யாரும் சொன்னதில்லை.

"வோல்ட்டு, ஆம்பியரு, வாட்டு. எல்லாமே கரண்டுதானே? எதுக்கு மூணு பேரு?" என்று கேட்டாள்.

மார்லூசியா சுற்றிலும் பார்த்தாள். விற்பனைக்கு எடுத்துப் போகிற தெர்மோகோல் பெட்டிகள் அலமாரி மேல் இருந்தன, ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"இதுல நீ ஐஸ் கொண்டு போற இல்ல? பெட்டி எவ்வளவு பெரிசுங்கறது வோல்ட்டு. நிமிஷத்துக்கு எத்தனை நடை நடக்கறேங்கறது ஆம்பியரு. பெட்டியையும் நடையையும் பெருக்கினா, நிமிஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஐஸ் போய்ச் சேந்துச்சுன்னு வரும். அதுதான் வாட்டு."

ஜுசிலெய்தி பாக்கெட் கணக்கு எழுதுகிற அட்டையை எடுத்தாள். 220-ஐ 1.1-ஆல் பெருக்கினாள். 242.

"இருநூத்தி நாப்பத்திரெண்டு வாட்டு."

"அவ்வளவேதான். இப்ப இஸ்திரிப்பெட்டி ஏன் அவ்வளவு மந்தம்னு பாரு. இங்க பெட்டியும் சின்னது, அந்தக் கம்பியில நடையும் குறையும். ரெண்டும் சேந்து குறையறதால சூடு பாதிகூட வராது, மூணுல ஒரு பங்குதான் வரும்."

டிரான்ஸ்ஃபார்மர் என்கிற மாற்றுப் பெட்டி ஒன்று வாங்கினால், அது நூற்று இருபத்தேழை இருநூற்று இருபதாக உயர்த்தித் தரும். ஆனால் மோட்டர் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்டு கேட்கும். அதைத் தாங்குகிற பெரிய பெட்டி அடெயில்டோவின் பாதி மாதச் சம்பளம் ஆகும். கடையில் மலிவாகக் கிடைப்பது டி.வி.க்குத்தான் ஆகும். ஜுசிலெய்தி அட்டையைத் திருப்பி வைத்தாள். நிட்டெரோய் வீட்டின் நீளமான பளிங்குத் தரை அவள் கண் முன் வந்து போனது.

மார்லூசியா மட்டும் வாசல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரு. இந்த வீட்டுக்குள்ள இருநூத்தி இருபது ஏற்கெனவே இருக்கு."

"எங்க?"

"மீட்டருக்கு ரெண்டு ஃபேஸ் கம்பி வருது, ஒரு நியூட்ரல் வருது. ஒரு ஃபேஸை மேல் வீட்டுக்கும் இன்னொண்ணைக் கீழ் வீட்டுக்கும் பிரிச்சிருக்காங்க. எந்த ஒண்ணுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல நூத்தி இருபத்தேழு. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருநூத்தி இருபது."

ஜுசிலெய்தி விரல்விட்டுக் கணக்கிட்டாள். "நூத்தி இருபத்தேழும் நூத்தி இருபத்தேழும் இருநூத்தி அம்பத்தி நாலுல்ல?"

மார்லூசியா சிரித்தாள். "இதை என் பரீட்சையில கேட்டப்ப நானும் அதையேதான் எழுதினேன், முட்டை வாங்கினேன். ஈரப் போர்வைய ரெண்டு பேரா உதறியிருக்க இல்ல? உன் கை மேல போற அதே நேரத்துல என் கை சரியாக் கீழ போனா, நடுவுல வித்தியாசம் முழுசா வரும். நான் கொஞ்சம் முந்திப் போயிட்டா அவ்வளவு வராது. இந்த ரெண்டு கம்பியும் நேர் எதிரா ஆடல, கொஞ்சம் முந்திப் பிந்தி ஆடுது. அதனால இருநூத்தி இருபதுல நிக்குது."

ஆக ஃப்ரீஸருக்கு வேண்டியது இவள் கம்பியும் மேல் வீட்டுக் கம்பியும். மேல் வீட்டில் இருந்தது, அந்த ஒரே மீட்டரைப் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டுக்கார அம்மா, தோனா எர்மீனியா. 'தோனா' என்பது இங்கே 'அம்மா' மாதிரி மரியாதைச் சொல்.

தோனா எர்மீனியா தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் தினமும் தலைக்கு டிரையர் போட்டுச் சுருள் சுருளாக வைத்துக்கொள்ளாமல் வாசலுக்கு வரமாட்டாள். அன்று சாயங்காலம் ஜுசிலெய்தி மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"இருநூத்தி இருபதா? என் வீட்டுக் கம்பியிலயா? எல்லாமே ரெண்டு பங்கு ஓடுமே! மீட்டர் பம்பரமாச் சுத்துமே!"

"இல்லங்க தோனா, மீட்டர் கணக்குப் பாக்கறது வோல்ட்டை இல்ல, வாட்டை…"

"எனக்கு வாட்டு கத்துக் குடுக்க வந்துட்டியா பராயிபா? போன குடித்தனக்காரனும் இப்படித்தான், தேன் ஒழுகப் பேசினான். போகும்போது பாத்தா கட்டிலுக்குப் பின்னால ஏசி வெச்சிருந்திருக்கான். முடியாது, போ."

ஜுசிலெய்தி படி இறங்கினாள். புளித்த அறுபது பாக்கெட்டையும் ஒவ்வொன்றாகக் கத்தரித்துத் தொட்டியில் ஊற்றினாள். அடெயில்டோ வந்து பக்கத்தில் நின்று, தானும் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டான்.

"நிட்டெரோய்க்கே போயிடட்டுமா?" என்றாள்.

"போகணும்னா போ. ஆனா இந்த ஃப்ரீஸருக்காக நீ என்கிட்ட ஒன்பது மாசம் புதுச் செருப்பு கேக்கல. அதை நெனச்சுட்டுப் போ."

அவள் அதை நினைத்தாள். கூடவே இன்னொன்றும் மனதில் பட்டது. அந்த அம்மாவின் பயம் மீட்டர் சுற்றுவதைப் பற்றியது. அப்படியானால் மீட்டரையே பேசவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே மார்லூசியாவைக் கையோடு கூட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

"தோனா, உங்க டிரையரைக் குடுங்க."

"எதுக்கு?"

"அதோட கைப்பிடியில ஒரு சின்னச் சுவிட்சு இருக்கா? நூத்திப்பத்து, இருநூத்தி இருபதுன்னு?"

இருந்தது. இரண்டிலும் ஓடக்கூடிய டிரையர், இரண்டிலும் ஆயிரத்து இருநூறு வாட். பரிசோதனை எளிது. மேலும் கீழும் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும், ஃப்ரிட்ஜ் உட்பட. டிரையர் மட்டும் மூன்று நிமிஷம் நூற்று இருபத்தேழில் ஓடும், பிறகு மூன்று நிமிஷம் இருநூற்று இருபதில். மீட்டர் பழைய காலத்துச் சக்கர மீட்டர், சக்கரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அது எத்தனை தடவை வந்து போகிறது என்று எண்ண வேண்டும்.

"நான்தான் எண்ணுவேன்," என்றாள் தோனா எர்மீனியா. "நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுருள் போடாத தலையோடு, முதல்முறையாக அப்படியே வாசலுக்கு வந்தாள். டிரையர் உறுமியது. ஜுசிலெய்தி கடிகாரம் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "யார் தலையை ஒணத்துறீங்க, மீட்டரோடதையா?" என்று கேட்டார்.

"பதினேழு," என்றாள் தோனா எர்மீனியா, மூன்று நிமிஷம் முடிந்ததும். "கடைசிச் சுத்து ஒரு விரலளவு குறை."

அடுத்து மார்லூசியா இரண்டு ஃபேஸையும் ஒரு தற்காலிகப் பிளக்குக்குக் கொண்டு வந்து, வோல்ட்மீட்டர் வைத்து அளந்து காட்டினாள். முள் 219-ல் நின்றது. டிரையரின் சுவிட்சைத் தள்ளும் முன் தோனா எர்மீனியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "எரிஞ்சா?" "எரிஞ்சாப் புதுசு வாங்கித் தரேன், கையை விடுங்க," என்றாள் மார்லூசியா. உறுமல் கேட்டது. அதே உறுமல்தான்.

"பதினாறு… பதினாறே முக்கால்." தோனா எர்மீனியா நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "ஏய், குறையுதுடி! இருநூத்தி இருபதுல குறையுது! அப்ப பில்லும் குறையுமா? என் வீடு முழுக்க மாத்திடலாமா? போ, போ, கம்பியை இழுத்துக்கோ!"

மார்லூசியா ஜுசிலெய்தியைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும், கம்பி கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜுசிலெய்தி அட்டையைக் கையில் எடுத்தாள்.

"குறையலங்க தோனா," என்றாள். "அந்தக் கால் சுத்து கணக்குல வராது. ரெண்டும் ஒண்ணுதான். கூடாது, குறையாது. ஆனா ஃப்ரீஸர்னு ஒண்ணு புதுசா ஓடினா மொத்தம் கூடத்தான் செய்யும்."

"எவ்வளவு?"

அவள் அட்டையை நீட்டினாள். ராத்திரியே எழுதி வைத்திருந்தாள். மோட்டர் நாள் முழுக்க ஓடாது, விட்டு விட்டு மொத்தம் எட்டு மணி நேரம் ஓடும். 242-ஐ எட்டால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 1,936 வாட்-மணி. ஆயிரத்தால் வகுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோவாட்-மணி. முப்பது நாளைக்கு ஐம்பத்தெட்டு. பில்லில் யூனிட் என்று போடுவது அந்தக் கிலோவாட்-மணியைத்தான்.

"அந்த அம்பத்தெட்டும் என் பங்குல. அதுக்கு மேல ஒரு யூனிட் வந்தாலும் நீங்க வந்து பிளக்கைப் பிடுங்கலாம்."

தோனா எர்மீனியா அட்டையை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, மூன்று தடவை பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னல் இன்னும் திறந்துதான் இருந்தது.

"ஏசிக்காரன் ஒரு நாள் கூட எனக்கு ஒரு எண்ணைச் சொன்னதில்ல," என்றாள் கடைசியில். "நீயாச் சொல்லிட்ட, அதுவும் எனக்கு ஆகாத எண்ணு." பிறகு குரலை உயர்த்தி, "என்ன நின்னுட்டிருக்கீங்க? என் ஃப்ரிட்ஜுல மீன் கெட்டுப் போகுது. சீக்கிரம் இழுத்து முடிங்க!" என்றாள்.

மதியத்துக்குள் மார்லூசியா தனி லைன் இழுத்து, இரண்டு ஃபேஸையும் ஒரே நேரத்தில் அறுக்கிற இரட்டை பிரேக்கர் போட்டுவிட்டாள். பிளக்கின் மேல் சிவப்பு டேப் ஒட்டி 220 என்று எழுதினாள். சொருகுவதற்கு முன்னால், "ரெண்டு ராத்திரி சூடு தின்ன மோட்டர். எந்திரிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்," என்றாள்.

ஜுசிலெய்தியே சொருகினாள்.

'ம்ம்' என்றது. அந்த 'டிக்' வரவில்லை. முனகல் ஒரு நொடி நடுங்கி, பிறகு கீழிறங்கி, கம்பீனாவில் ஒன்பது வருஷம் கேட்ட அந்தச் சீரான ஓட்டமாக மாறியது. கொஞ்ச நேரத்தில் உள்சுவரைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. மார்லூசியா அவளைப் பார்க்காதது போல் கருவிகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சனிக்கிழமை காலையும் ஊற்றிக் கட்டினாள். பாலுக்கு மறுபடி பணம் இல்லாததால் தேங்காய்ப்பால் கிடையாது. உம்பு கொஞ்சம், மாம்பழம் கொஞ்சம், வேர்க்கடலை மிச்சம். அடுக்கினபோது நூற்று முப்பத்தெட்டுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவை கல்லாக இருந்தன. ஒன்றோடொன்று தட்டினால் சத்தம் வந்தது.

"நூத்தி அம்பதுன்னுல்ல சொன்னேன்?" என்றான் ஜில்மார்.

"நூத்தி முப்பத்தெட்டு. மிச்சம் பன்னெண்டுக்கான பால் கெட்டுத் தண்ணியாப் போச்சு, தண்ணியாக் கொண்டு வரக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவன் ஒன்றைக் கடித்துப் பார்த்தான், உம்புப் புளிப்பில் ஒரு கண்ணை மூடினான், பெட்டியைக் கடைக்குள் இழுத்தான். மூன்றாவது ஆட்டம் முடியும்போது பெட்டி காலி. தோற்ற அணியின் கோல்கீப்பர் மட்டும் நான்கு தின்றிருந்தான்.

"அடுத்த வாரம் இருநூறு," என்றான் ஜில்மார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நிட்டெரோய் அம்மா போன் செய்தாள். ஜுசிலெய்தி ஃப்ரீஸரின் மேல் சாய்ந்து நின்றுதான் பேசினாள். அதன் அதிர்வு அவள் முழங்கையில் ஏறிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க, தோனா. நான் வரல. எனக்கு இங்கயே வேலை வந்திடுச்சு."

"என்ன வேலை? எங்க?"

"என் சமையக்கட்டுலங்க," என்றாள் ஜுசிலெய்தி. போனை வைத்துவிட்டு மாம்பழம் நறுக்க உட்கார்ந்தாள்.